களை எடுக்காத சரிவு

வண்ணார்பேட்டையில் குடியிருப்பவனுக்குக் காட்டைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். வாசலில் நின்றால் பஸ் ஹாரன். மாடிக்குப் போனால் அதே ஹாரன் இன்னும் தெளிவாகக் கேட்கும். மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், அதனால் நானும் இங்கே. அதற்கு முன் வேலையில் இருந்த காலமெல்லாம் மலையடிவாரத்தில்தான் கழிந்தது. வனத்துறையில் வாட்சராகச் சேர்ந்து, கார்டாகி, வனவராக ஓய்வு பெற்றேன். கூடத்தில் டிவிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாராட்டுப் பத்திரம் தொங்குகிறது. ஓய்வு பெற்ற அன்று மாலையோடு சேர்த்துக் கொடுத்தது. ‘குறை ஏதுமற்ற பணி’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. மருமகன் அதை வாரம் ஒரு தடவை துணியால் துடைத்து வைக்கிறார். எனக்கு அதை நிமிர்ந்து பார்க்கக் கூச்சம். காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் பழைய சரகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ரேஞ்சர் அம்மா பேசினார். வடக்கே எங்கேயோ சொந்த ஊர். குரலை வைத்துப் பார்த்தால் என் மகளைவிடச் சின்னவர்.

“சார், அடிவாரத்துல சாஸ்தா கோயிலுக்குக் கீழ ஒரு தைல மரத் தோட்டம் இருக்கே, நீங்க கார்டா இருந்தப்ப போட்டது. அதுல ரெண்டு எல்லைக்கல் காணோம். வந்து இடம் காட்ட முடியுமா?”

“எதுக்கும்மா?”

“அடியோட எடுக்கச் சொல்லி உத்தரவு சார். வெளிநாட்டு மரத்தை எடுத்துட்டு நம்ம மரங்களை நடப் போறோம். அடுத்த வாரம் மெஷின் வருது.”

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்த மரத்தை உத்தரவுக்கு நட்டவன் நான். உத்தரவுக்குப் பிடுங்குவதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். நல்ல காரியம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் மேல் வரிசைகள் நினைவுக்கு வந்தன.

“அம்மா, மேல் பாதியில வேற மரமும் நிக்குமே. நாவல், இலுப்பை...”

“இல்ல சார், ஃபைலை முழுசாப் பாத்துட்டேன். ‘களை முற்றிலும் நீக்கப்பட்டது, பிற மரக்கன்று ஏதுமில்லை’ன்னு மூணு வருஷமும் எழுதியிருக்கு. மேல இருந்து எடுத்த படத்துலயும் தைல மரத்து உச்சி மட்டும்தான் தெரியுது. அந்தக் கையெழுத்துகூட உங்களோடதுதான் சார்.”

பெருமையாக இருக்கட்டும் என்றுதான் கடைசி வாக்கியத்தைச் சொன்னார். நான் இருமுவது போல் இருமி, பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

கார்டு வேலைக்கு எனக்குக் கிடைத்த பயிற்சியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். கரடி எதிரே வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டுக்கொண்டேன். படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சமெல்லாம் தோட்ட வேலையில் கிடைத்தது.

அப்போது காடு என்றால் எங்களுக்கு நட்ட காடுதான். அந்தச் சரிவில் இருந்த குத்துச்செடியை வெட்டி, காயவிட்டுத் தீ வைத்தோம். ஒரு நீளக் கயிற்றில் சம தூரத்துக்கு முடிச்சுப் போட்டு, மேலிருந்து கீழாகப் பிடித்து, முடிச்சுக்கு ஒரு குழி வெட்டினோம். ஐப்பசி மழை இரண்டு நாள் நின்று பெய்த பிறகு குழிக்கு ஒரு தைலக் கன்று வைத்தோம். அதன் பிறகு மூன்று வருஷம் களையெடுப்பு. வரிசைக்குள் நட்ட கன்றைத் தவிர எது முளைத்தாலும் களைதான். அது புல்லா, இருநூறு வருஷம் நிற்கப்போகிற மரமா என்று கேட்கும் வழக்கம் இல்லை.

எங்கள் ரேஞ்சர் ஐயா அதிகம் பேச மாட்டார். நெற்றியில் திருநீறு, வலது பையில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. தோட்டத்தைப் பார்வையிட வந்தால் வரிசையின் தலைமாட்டில் நின்று, ஒரு கண்ணை மூடி, ஊசியில் நூல் கோக்கிறவர் மாதிரி கடைசிவரை பார்ப்பார். பிறகு பைய நடப்பார். பட்டுப்போன கன்று ஒன்றைக் கண்டால் வலது பையிலிருந்து ஒரு கொட்டை இடது பைக்குப் போகும். வாயைத் திறக்க மாட்டார். பின்னால் போகிற எனக்கு அந்தக் கை அசைவதுதான் கண்ணில் இருக்கும். முடிவில் இடது பையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, “என்னவே, பை கனக்கே” என்பார். திட்டு அவ்வளவுதான். இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது.

சரிவுக்கு மேலே, ஓடைக் கரையில் சாஸ்தா கோயில். கோயில் என்றால் கூரை கிடையாது, நாலைந்து கல்லும் பீடமும்தான். அதைச் சுற்றி நாவலும் இலுப்பையும் நீர்மருதும், இரண்டு பேர் கை கோத்தாலும் அடங்காத பருமனில் நிற்கும். பங்குனி உத்திரத்துக்கு அந்தச் சாமியைக் கும்பிடுகிற குடும்பங்கள் வந்து பொங்கலிட்டுப் போகும். வருஷத்தின் மற்ற நாளெல்லாம் அது குரங்குக்கும் வௌவாலுக்கும் சொந்தம். அந்த மரங்களுக்குள் இரும்பு போகக் கூடாது, ஒரு சுள்ளியைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது என்பது கட்டுப்பாடு. பொங்கலுக்கு வேண்டிய விறகை ஊரிலிருந்தே தலையில் சுமந்து மலையேறுவார்கள். காட்டுக்கு விறகு சுமக்கிற கூத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

எங்களிடம் களையெடுக்க வந்த பெண்களுக்குப் பேச்சிதான் தலைவி. அடிவாரத்து ஊர்க்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அவள் வீட்டுச் சாமியும் அந்தச் சாஸ்தாதான். வேகமான கை. அவள் அரிவாள் போன வரிசையில் கன்றின் தூரில் ஒரு கீறல் இருக்காது.

நட்ட மறுவருஷம், தை மாதம். ரேஞ்சர் ஐயா வந்தார். கீழ் வரிசைகளில் கொட்டை ஒன்றிரண்டு மட்டும் இடம் மாறியது. மேலே, கோயிலை ஒட்டிய வரிசைகளுக்கு வந்ததும் நின்றுவிட்டார். தைலக் கன்றுகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு நாவல் கன்றும் இலுப்பைக் கன்றும் தளதளவென்று நின்றன. சுற்றிலும் புல் சுத்தமாக அறுபட்டிருந்தது. தெரியாமல் விட்டதல்ல என்பது குருடனுக்கும் தெரியும்.

“என்னவே இது?”

“விட்டுப்போச்சுய்யா. எடுத்துருதேன்.”

“சாயங்காலத்துக்குள்ள எடுத்துரும்.” போய்விட்டார்.

பேச்சியைக் கூப்பிட்டேன். கேட்டதற்கு அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“அது சாமி மரத்துப் பிள்ளைகய்யா. வௌவாலு பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை இங்கன போட்டுருக்கு. கோயில்லேருந்து நாங்க ஒரு குச்சி எடுக்க மாட்டோம். இதை எப்படி வெட்டுவோம்? வீட்டை விட்டு வெளிய வந்துட்டா பிள்ளை இல்லன்னு ஆயிருமா?”

“எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் உங்க சாமிக்கு என்ன வேலை?”

“கல்லு நீங்க நட்டதுல்லாய்யா. வௌவாலுக்கு அது தெரியுமா?”

மற்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள், திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களை வெட்டச் சொன்னேன். ஒருத்திகூடக் குனியவில்லை. அரிவாளைப் பிடுங்கி நானே இறங்கினேன்.

இரண்டு வரிசை வெட்டியிருப்பேன். நாவல் கன்றை வெட்டும்போது இலை நசுங்கி ஒரு வாடை வரும், பச்சை மாங்காய் வாடைக்குக் கிட்டத்தில். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. பெண்கள் ஓரமாக உட்கார்ந்து, யாருடைய பிள்ளையையோ அடிப்பதைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மீதி நின்றது. அன்று மாலை தோட்டப் பதிவேட்டில் எழுதினேன்: களை முற்றிலும் நீக்கப்பட்டது. கட்டம் காலியாக இருக்கக் கூடாதல்லவா.

மறுநாள் வேலைக்கு ஆள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வீம்பை மடித்து வைத்துவிட்டுப் பேச்சி வீட்டுக்குப் போனேன். உவரியிலிருந்து வந்த சாளை மீனைக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“பேச்சி, நாளைக்கு வேலைக்கு வந்துரு.”

“வாரேன். ஆனா அதைத் தொட மாட்டேன்.”

“ரேஞ்சர் ஐயா கேட்டா நான் என்ன சொல்ல?”

“வெட்டுத கை எங்கை. அதைப் பத்திச் சொல்லிட்டேன். எழுதுத கை உங்க கை. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?” என்று சொல்லி அடுத்த மீனை எடுத்தாள்.

அவள் வந்தாள். தைலக் கன்றைச் சுற்றிப் புல் அறுத்தாள், சாமி மரத்துப் பிள்ளையைச் சுற்றியும் புல் அறுத்தாள். நான் முற்றிலும் நீக்கப்பட்டது என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அப்படியே. நான் வெட்டிப் போட்ட தூர்களில்கூடத் துளிர் விட்டிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதவன் போல நடந்தேன்.

மூன்றாம் வருஷம் ரேஞ்சர் ஐயா கடைசி முறையாகப் பார்வையிட வந்தார். மாற்றல் உத்தரவு வந்திருந்தது. மேல் வரிசைகள் நெருங்க நெருங்க என் கண் அவர் வலது பையிலேயே இருந்தது. இடுப்புக்கு மேல் வளர்ந்த இலுப்பை ஒன்று அவர் சட்டையில் உரசுகிற தூரத்தில் நின்றது. அவர் கை வலது பைக்குள் போயிற்று. அப்படியே நின்றது. நீர்மருதின் பக்கம் தலையைத் தூக்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த வரிசைய நான் பாத்தாச்சுல்லா?” என்றார்.

அந்த வரிசைக்குள் அவர் இன்னும் ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை. “பாத்தாச்சுய்யா” என்றேன்.

“அப்ப சரி” என்று இறங்கிப் போனார். வெறும் கையாகத்தான் பையிலிருந்து கையை எடுத்தார். அந்த மனிதரை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

பிறகு எனக்கும் மாற்றல் வந்தது. சில வருஷத்தில் அந்தப் பகுதியில் எந்த மரத்தையும் வெட்டக் கூடாது என்று ஆயிற்று. தைல மரம் கேட்பாரில்லாமல் வானத்துக்கு வளர்ந்தது. அதன் நிழலில் என்ன நின்றது என்பது பதிவேட்டில் இல்லை.

போன் வந்த பிறகு இரண்டு நாளும் நான் நல்லவனாக இருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ரேஞ்சர் அம்மாவே நேரில் பார்க்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். மெஷின் ஓட்டுகிறவன் பார்த்து விட்டுவிடுவான் என்றுகூட நினைத்தேன். டிவிக்கு மேலே தொங்கும் பத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஓய்வு பெற்றவனைக் கூண்டில் ஏற்றுவார்களோ என்று பயமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை பஸ் ஏறி அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் பேச்சி ஊருக்குப் போனேன். அவளிடம் சொன்னால் பாதிப் பாரம் இறங்கும் என்று ஒரு நப்பாசை.

அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “கார்டய்யாவா? என்ன இப்படி வத்திட்டிய?” என்றாள். நான் வனவராகி ஓய்வு பெற்றது அவளுக்கு ஒரு பொருட்டில்லை. மெஷின் வருகிறது என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

“அதுக்கு எங்கிட்ட ஏன் வந்திய? எழுதுன இடத்துக்குல்லா போகணும்.”

போனை எடுத்து அவள் முன்னாலேயே ரேஞ்சர் அம்மாவைக் கூப்பிட்டேன். “அம்மா, அந்தப் பதிவேட்டுல இருக்குறது பொய். எழுதுனது நான்” என்றேன்.  “சார், எங்க இருக்கீங்க? நான் வர்றேன்” என்றார்.

அவர் ஜீப்பில் வந்ததும் மூன்று பேரும் சரிவில் ஏறினோம். கீழ்ப் பாதி நான் நட்டது நட்டபடி. உரிந்த பட்டையும் காய்ந்த இலையும் காலடியில் நொறுங்கின, ஒரு குருவிச் சத்தம் இல்லை. கோயில் நெருங்க நெருங்கத் தரையின் நிறம் மாறியது. மண் கறுத்து ஈரமாக இருந்தது. தைல மரத்துக்கு நடுவில் தொடைப் பருமனிலும் இடுப்புப் பருமனிலும் நாவல், இலுப்பை, ஓடைப் பக்கமாக மருது. அவற்றுக்கும் கீழே, யாரும் விட்டுவைக்க வேண்டிய அவசியமில்லாமல் முளைத்த குட்டிக் கன்றுகள். அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை வௌவாலோ! பழைய காடு நான் போட்ட எல்லைக்கல்லைத் தாண்டி இறங்கி வந்திருந்தது. பேச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள்.

ரேஞ்சர் அம்மா ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்து, சருகை விலக்கி மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். சருகுக்குள் ஏதோ பூச்சி ஓடியது. “இது தெரியாம மெஷினை விட்டிருந்தா...” என்று ஆரம்பித்து முடிக்காமல் எழுந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அந்தப் பெண் மேல் இரக்கமாக வந்தது. என் பொய்யை நம்பியதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

பேச்சி ஒரு நாவல் மரத்தைத் தட்டினாள். ஒரே தூரில் மூன்று மரமாகப் பிரிந்து நின்றது.

“கார்டய்யா, இது யாருன்னு தெரியுதா? ஒத்தக் கால்ல நிக்கதெல்லாம் நான் விட்டது. மூணு கால்ல நிக்கது நீங்க வெட்டுனது.”

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வரிசையும் அப்படியே நின்றன. ஒன்று மூன்றாக, ஒன்று நான்காக. என் அரிவாள் எங்கே தொடங்கி எங்கே ஓய்ந்தது என்று ஒரு சின்னப் பிள்ளைகூடக் காட்டிவிடும். நான் பதிவேட்டில் எழுதாமல் விட்டதை அவை எழுதி வைத்திருந்தன. அழுகை வந்தது. மறைக்கத் தெரியவில்லை, மறைக்கவும் இல்லை.

“எதுக்கு அழுதிய? வெட்டுனதுனாலதான ஒண்ணு மூணாச்சு” என்றாள் பேச்சி.

மேல் பாதிக்கு மெஷின் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேரோடு பிடுங்கினால் கன்றும் மண்ணும் சேர்ந்து போய்விடும். அதனால் அங்குள்ள தைல மரங்களின் பட்டையை மட்டும் வளையமாக உரித்து, நின்ற இடத்திலேயே காயவிடலாம் என்று முடிவானது. திடீரென்று வெயில் அடிக்காமல் வெளிச்சம் பைய இறங்கும். கீழே துளிர்த்தால் துளிர்த்ததை ஆள் விட்டுக் கிள்ள வேண்டும், பல வருஷத்து வேலை. இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அன்றைக்கு அதற்கெல்லாம் ஆதாரம் வேண்டியிருந்தது. ஃபைலில் இல்லாத மரத்தை ஃபைல் காப்பாற்றாது. “எழுத்துல குடுத்தா நான் மேல பேசி நிறுத்திருவேன் சார். ஆனா உங்க பேருக்கு...” என்று தயங்கினார் ரேஞ்சர் அம்மா. பரவாயில்லை என்றேன். கீழே இறங்கி, ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினேன். களையெடுப்பின் முதல் வருஷம் இரண்டு வரிசையை நான் வெட்டினேன். அதன் பிறகு களை எடுக்கப்படவில்லை. எடுத்ததாக மூன்று வருஷமும் எழுதியது நான். கையெழுத்துப் போட்டேன். பாராட்டுப் பத்திரத்தில் உள்ள ‘குறை ஏதுமற்ற’ அத்தோடு முடிந்தது. மனசு லேசாகத்தான் இருந்தது.

“எனக்கும் படிச்சுக் காட்டுங்க” என்றாள் பேச்சி.

படித்தேன். கவனமாகக் கேட்டாள். நல்லது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“களை எடுக்கப்படலைன்னா, யாரு எடுக்கலை?”

நான் தாளைப் பார்த்தேன்.

“பொய்யி எழுதுனதுக்கு உங்க பேரு இருக்கு. வெட்டுனதுக்கு உங்க பேரு இருக்கு. வெட்டாம விட்டது யாரு? எம்பேரு எங்க?”

ரேஞ்சர் அம்மா பேனாவை என்னிடமிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே, அந்தச் சரிவை விட்டுவைத்தவள் என்று பேச்சி ஒவ்வொரு எழுத்தாக, தாள் அசையாமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பெயருக்குக் கீழே என்ன வேலை என்று போட வேண்டும், காலியாக விடக் கூடாது. பேனாவை வாங்கிக்கொண்டு, என்ன போடட்டும் என்று கேட்டேன்.

“இதென்ன கேள்வி? களையெடுக்கிறவளுன்னு போடுங்க.”

போட்டேன்.